ஒரே ஊர், மூணு எம்.பி.: கிரீன்ஸ்போரோவுல இது என்ன கணக்கு?

சிவகாசிப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்போரோவுல இருக்கேன். 2024-ல சிட்டிசன்ஷிப் கிடைச்சுது. அந்த நவம்பர்ல என் முதல் ஓட்டு. பட்டுப்புடவை கட்டிட்டுத்தான் போனேன், சிரிக்காதீங்க.

ஓட்டுச்சீட்டை வாங்கினா முன்னாடியும் பின்னாடியும் பேர்களா நிரம்பிக் கிடக்கு. ஜனாதிபதி, கவர்னர், அட்டர்னி ஜெனரல், அப்புறம் நீதிபதிகள். நீதிபதிக்கெல்லாமா ஓட்டுப் போடுவாங்கன்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். ஆள் யாருன்னே தெரியல, அந்த வரிசையைக் காலியா விட்டுட்டேன். பிரதிநிதிகள் சபை இடத்துக்கு வந்தா ரெண்டே பேர். ஒருத்தர் ரிபப்ளிகன், இன்னொருத்தர் கான்ஸ்டிடியூஷன் பார்ட்டின்னு நான் கேள்வியே படாத கட்சி. டெமாக்ரட் ஆளே இல்ல! தப்பான சீட்டைக் குடுத்துட்டாங்களோன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வளைகாப்பு. மூணு பேர் உக்காந்து வளையல் அடுக்கிட்டே பேசினோம். எனக்கு 6-ம் தொகுதி, எம்.பி. அடிசன் மெக்டவல். ஒருத்திக்கு 5-ம் தொகுதி, வர்ஜீனியா ஃபாக்ஸ். இன்னொருத்திக்கு 9-ம் தொகுதி, ரிச்சர்ட் ஹட்ஸன். மூணு பேரும் ஒரே கடையிலதான் கறிவேப்பிலை வாங்குறோம்!

எங்க ஊர்ல 2004 வரைக்கும் சிவகாசி எம்.பி. தொகுதி, 2009-ல அது விருதுநகர் ஆயிடுச்சு. "ஊர் பேரையே எடுத்துட்டானுங்களே"ன்னு அப்பா ஒரு மாசம் புலம்பினார். இதுவும் அது மாதிரிதானா, இல்ல வேற விளையாட்டா? ஜெரிமேண்டரிங்னு ஒரு வார்த்தை அடிக்கடி காதுல விழுது. தொகுதி பல்லி மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும்ங்கிறாங்க. எங்க தொகுதி மேப்பை எடுத்துப் பார்த்தேன், அப்படி ஒண்ணும் கோணல்மாணலா இல்லையே?

---

ஐ-85 அண்ணாச்சி:

சிவகாசின்னா நம்ம பக்கம்தான் தங்கச்சி, எனக்குக் கோவில்பட்டி. 1995-ல இங்க ஒரு ஜவுளி மில்லுக்கு வேலைக்கு வந்தேன். மில்லு போயிடுச்சு, நான் போகல. தேர்தல் அன்னிக்கு பூத்துல உக்கார்ற வேலையும் ஏழெட்டு தடவை பார்த்தாச்சு.

உங்க சீட்டு சரியான சீட்டுதான். 6-ம் தொகுதியில அந்தத் தடவை டெமாக்ரட் யாரும் நிக்கவே இல்ல. இங்க தொகுதிக் கோட்டைப் போடுறது மாநிலச் சட்டசபை, அது ரிபப்ளிகன் கையில. டெமாக்ரட் நின்னா தோக்கிற மாதிரி 2023 அக்டோபர்லயே கோடு போட்டு முடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி கிரீன்ஸ்போரோ மொத்தமும் ஒரே தொகுதிக்குள்ள இருந்துது, கேத்தி மேனிங்னு டெமாக்ரட் அம்மா எம்.பி. புது மேப் வந்ததும் ஊரை மூணா அறுத்து, ஒரு துண்டை மேற்கே டென்னஸி எல்லை மலை வரைக்கும் போற தொகுதியோட ஒட்டினாங்க, மத்த ரெண்டையும் தெற்கே கிராமங்களோட ஒட்டினாங்க. அந்தம்மா கணக்கைப் பார்த்தாங்க, போட்டியே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க.

சூத்திரம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஒரு தெருவுல 15 வீடு. 9 வீடு காபி, 6 வீடு டீ. அஞ்சு அஞ்சு வீடா மூணு வார்டு பிரிக்கணும். வீட்டு ஆளுங்களை அசைக்க முடியாது, கோடு மட்டும்தான் நம்ம கையில. டீக்கடைக்காரன் கையில பென்சிலைக் குடுங்க. முதல் வார்டுல அஞ்சும் காபி வீடா அடைப்பான். மிச்சம் நாலு காபி வீடு. அதை ரெண்டு ரெண்டா உடைச்சு, மும்மூணு டீ வீட்டோட சேர்ப்பான். ரெண்டு வார்டு டீக்குப் போச்சு, ஒண்ணுதான் காபிக்கு. தெருவுல ஆறே வீடு வச்சிருக்கிறவன் மெஜாரிட்டி! பென்சில் காபிக்காரன் கிட்டப் போனா அவனும் சும்மா இருக்க மாட்டான், ஒவ்வொரு வார்டுலயும் மூணு காபி, ரெண்டு டீன்னு வச்சு மூணையும் அள்ளிடுவான்.

அடைக்கிறது, உடைக்கிறது, இந்த ரெண்டே வேலைதான். இங்க அதுக்கு பேக்கிங், கிராக்கிங்னு பேரு. கிரீன்ஸ்போரோவுக்கு நடந்தது ரெண்டாவது.

கோணல் இல்லையேன்னு கேட்டீங்க பாருங்க, எல்லாரும் தடுக்கி விழுற இடம் அதுதான். அந்தப் பல்லிக் கதை 1812-ல மாசசூசெட்ஸ்ல வந்தது. கவர்னர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்துப் போட்ட மேப்புல ஒரு தொகுதி சாலமாண்டர் மாதிரி இருக்குன்னு பத்திரிகைக்காரன் றெக்கை, நகமெல்லாம் வச்சு கார்ட்டூன் போட்டான். ஜெரியும் சாலமாண்டரும் ஒட்டிக்கிட்டு ஜெரிமேண்டர் ஆச்சு. நான் வந்த புதுசுல இங்கயும் ஒரு பாம்பு இருந்தது. பழைய 12-வது தொகுதி. ஷார்லட் பக்கத்துல இருந்து டர்ஹாம் வரைக்கும் 160 மைல், ஐ-85 ரோட்டைப் பிடிச்சுக்கிட்டே போகும். சில இடத்துல ரோட்டு அகலம்தான் தொகுதியோட அகலம். ரெண்டு பக்கக் கார் கதவையும் திறந்து வச்சு ஓட்டினா தொகுதி ஜனத்துல பாதிக்கு மேல அடிபட்டுச் சாகும்னு சட்டசபைக்காரர் ஒருத்தரே கிண்டல் பண்ணார். சுப்ரீம் கோர்ட்டு 1993 தீர்ப்புல அந்தக் கிண்டலே பதிவாயிருக்கு.

ஆனா அந்தப் பாம்புத் தொகுதியில இருந்து 1992-ல ஜெயிச்சுப் போனவர் மெல் வாட், கறுப்பர். அதே வருஷம் 1-வது தொகுதியில இவா கிளேட்டன். அதுக்கு முன்னாடி இந்த மாநிலத்துல இருந்து போன கடைசி கறுப்பு எம்.பி. ஜார்ஜ் ஒயிட், அவர் பதவி முடிஞ்சது 1901-ல. தொண்ணூறு வருஷ இடைவெளி! அதனால வளைஞ்ச கோடெல்லாம் களவுன்னும் சொல்லிட முடியாது, நேர்க்கோடெல்லாம் நியாயம்னும் சொல்லிட முடியாது.

இப்ப நேர்க்கோட்டுக் கதை. 2016-ல கோர்ட்டு பழைய மேப்பை இனத்தை வச்சுப் பிரிச்சதுன்னு தள்ளிடுச்சு. புதுசா ஒண்ணு போட்டாங்க. பார்க்க இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும், பாம்பு பல்லி எதுவும் கிடையாது. மேப் போடுற சட்டசபைக் கமிட்டியில டேவிட் லூயிஸ்னு ஒரு ரிபப்ளிகன் உறுப்பினர் எழுந்து, 13 இடத்துல 10 எங்களுக்கு, 3 அவங்களுக்கு வர்ற மாதிரி வரையணும்னார். ஏன் 10-3? 11-2 வர்ற மாதிரி மேப் போட முடியும்னு தனக்குத் தோணலயாம்! இதை மூடின அறையில சொல்லல, மைக்குல சொன்னார். இனத்தை வச்சுப் பிரிச்சோம்னா கோர்ட்டு பிடிக்கும், கட்சியை வச்சுப் பிரிச்சோம்னா பிடிக்காதுங்கிற தைரியம். 2016 தேர்தல்ல சரியா 10-3.

அந்த மேப்போட கோடு எங்க வீட்டுக்குள்ளயே வந்துது. கிரீன்ஸ்போரோவுல ஏ அண்ட் டி யுனிவர்சிட்டி தெரியும்ல, கறுப்பர்களுக்காக ஆரம்பிச்ச பழைய காலேஜ். 1960-ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த ஊல்வொர்த் கடை சாப்பாட்டுக் கவுன்டர்ல போய் உக்காந்து எந்திரிக்க மாட்டோம்னு சொன்ன நாலு பையங்க அங்க படிச்சவங்கதான். என் மக அங்கதான் இன்ஜினியரிங் படிச்சா. கேம்பஸ் நடுவுல லாரல் ஸ்ட்ரீட்னு ஒரு ரோடு. 2016 மேப்போட கோடு அந்த ரோட்டு மேலயே ஓடுச்சு. இந்தப் பக்கம் ஒரு தொகுதி, அந்தப் பக்கம் இன்னொண்ணு, 6-ம் 13-ம். ஹாஸ்டல் ஒரு பக்கம், கிளாஸ் இன்னொரு பக்கம். அடுத்த வருஷம் ரூம் மாத்தினா, சூட்கேஸைத் தூக்கிட்டு ரோட்டைத் தாண்டினா, எம்.பி.யே மாறிட்டார். ரெண்டு எம்.பி.யும் ரிபப்ளிகன்தான், அது வேற விஷயம். பத்தாயிரம் பிள்ளைங்களுக்கு மேல படிக்கிற இடம். ஒரே தொகுதியில விட்டிருந்தா ஒரு வேட்பாளராவது காலேஜ் வாசல்ல வந்து நின்னு ஓட்டுக் கேட்டிருப்பான். பாதி பாதியா ஆக்கினா யாருக்கும் வர வேண்டிய அவசியம் இல்ல. நான் மேப்பைக் காட்டினப்போ அவ, "அப்பா, என் மெத்தை ஒரு தொகுதி, என் லேப் ஒரு தொகுதி"ன்னா.

---

மோரிஸ்வில் வாசகன்:

அண்ணாச்சி சொன்ன காபி கணக்கு சரி. ஆனா புதுசா வந்தவங்களுக்கு அரைக் கதையைச் சொல்லி அனுப்ப வேண்டாம். அந்த ஐ-85 பாம்பை வரைஞ்சது யாரு? அப்போ மாநிலத் தலைநகர் ராலேயில சட்டசபை டெமாக்ரட் கையில. கறுப்பர் ஜெயிக்கிற தொகுதி வேணும், ஆனா தங்களோட பழைய எம்.பி.க்களுக்கும் சேதாரம் ஆகக் கூடாது. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதுலதான் அது அவ்வளவு நெளிஞ்சது.

மேரிலாண்ட் பாருங்க. 2011-ல டெமாக்ரட் கவர்னர் மார்ட்டின் ஓ'மேலி காலத்து மேப். 6-ம் தொகுதியில இருபது வருஷமா எம்.பி.யா இருந்த ரோஸ்கோ பார்ட்லெட், ரிபப்ளிகன், 2012-ல காலி. 6-2 ஆக இருந்தது 7-1 ஆச்சு. அந்த இடத்தைப் பிடிக்கத்தான் வரைஞ்சோம்னு ஓ'மேலியே பின்னாடி வாக்குமூலத்துல ஒத்துக்கிட்டார். 2019 ஜூன் 27-ல சுப்ரீம் கோர்ட்டு 5-4னு தீர்ப்பு சொன்னப்போ வட கரோலினா, மேரிலாண்ட் ரெண்டு வழக்கையும் ஒண்ணாத்தான் முடிச்சாங்க. கட்சிக்காக வரைஞ்ச மேப்பை ஃபெடரல் கோர்ட்டு விசாரிக்காது, போய் மாநிலத்துல பார்த்துக்கோங்கன்னு கையை விரிச்சுட்டாங்க.

இன்னொண்ணு. சீட்டு விகிதம் ஓட்டு விகிதத்தோட பொருந்தலைன்னாலே களவுன்னு முடிவு கட்டக் கூடாது. மாசசூசெட்ஸ்ல மூணுல ஒரு பங்கு ஜனம் ரிபப்ளிகனுக்குப் போடுது. 9 எம்.பி.யில ஒருத்தர் கூட ரிபப்ளிகன் கிடையாது. காரணம் பென்சில் மட்டும் இல்ல. அவங்க மாநிலம் பூரா சாம்பார்ல பெருங்காயம் மாதிரி கரைஞ்சு கிடக்காங்க. எங்க கோடு போட்டாலும் எந்தத் தொகுதியிலயும் அவங்க பாதியைத் தாண்ட மாட்டாங்க. நம்ம மாநிலத்துல தலைகீழ். டெமாக்ரட் ஓட்டு ஷார்லட், டர்ஹாம், ஆஷ்வில்னு நகரத்துல குவிஞ்சு கிடக்கு. யாரும் அடைக்கல, அவங்களே போய் அடைஞ்சுக்கிட்டாங்க!

---

ஐ-85 அண்ணாச்சி:

தம்பி, மேரிலாண்ட் விஷயத்துல ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். பென்சில் யார் கையில இருக்கோ அவன் கொழுக்கட்டை பெருசா பிடிப்பான். நான் வந்து இறங்கினப்போ இங்க இருந்தது டெமாக்ரட் போட்ட மேப், 2010 தேர்தலுக்குப் பிறகு பென்சில் ரிபப்ளிகன் கை. இந்த ஊர்ல கவர்னரும் ஒண்ணும் பண்ண முடியாது. 1996-ல அவருக்கு வீட்டோ, அதாவது சட்டசபை போடுற சட்டத்தைத் தடுக்கிற அதிகாரம், குடுத்தப்பவே, தொகுதி மேப்பைத் தொடக்கூடாதுன்னு சேர்த்து எழுதிட்டாங்க. அப்போ கீழ்ச்சபை ரிபப்ளிகன் கையில, மேல்சபையும் கவர்னரும் டெமாக்ரட், ரெண்டு கட்சிக்கும் அதுல பங்கு உண்டு. இன்னிக்கு டெமாக்ரட் கவர்னரே கையைக் கட்டிட்டு நிக்கிறார்.

ஆனா நகரத்துல தானாக் குவிஞ்சாங்கங்கிற வாதத்துக்கு நல்ல பதில் இருக்கு. அந்த 2016 மேப் வழக்குல ஒரு நிபுணர் கம்ப்யூட்டர்ல 3,000 மேப் போட வச்சார். கமிட்டி வச்சிருந்த அதே விதிகள், கட்சி லாபத்தை மட்டும் எடுத்தாச்சு. மாநிலம் அதேதான், ஷார்லட் அதே இடத்துல, டர்ஹாம் அதே இடத்துல, குவியல் எல்லாம் குவிஞ்சபடியே. 3,000-லயும் டெமாக்ரட்டுக்கு நிஜ மேப்பை விட ஒரு சீட்டாவது கூட வந்துது. நூத்துக்கு 77 மேப்புல மூணோ நாலோ கூட. இயற்கையாக் குவிஞ்சதுக்குத் தள்ளுபடி குடுத்த பிறகும் மிச்சம் நிக்குதே, அது பென்சில் வேலை. நீங்க சொன்ன 2019 சுப்ரீம் கோர்ட்டு வழக்குல நீதிபதி எலினா கேகன் எதிர்த்தீர்ப்புல இதைத்தான் பிடிச்சார்.

நீங்க சொன்ன ஆஷ்வில்லையே எடுங்க. மலைக்கு நடுவுல ஒரு டெமாக்ரட் ஊர். தானாக் குவிஞ்சதுதான். 2011-ல என்ன பண்ணாங்க? அடைஞ்சு கிடந்ததை நடுவுல பிளந்து பாதியைப் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளினாங்க. 2012-ல மார்க் மெடோஸ்ங்கிற ரிபப்ளிகன் ஜெயிச்சு உள்ள போனார். அந்த வருஷம் மாநிலம் முழுக்க எம்.பி. ஓட்டைக் கூட்டினா டெமாக்ரட்டுக்கு சுமார் 51%. சீட்டு 13-ல 4.

அதெல்லாம் கூட விடுங்க. 2022-ல கோர்ட்டு போட்டுக் குடுத்த மேப்புல தேர்தல் நடந்துது. 14 இடம், 7-7. 2024-ல சட்டசபை போட்ட மேப்புல 10-4. ரெண்டு வருஷத்துல ஜனம் தலைகீழா மாறிடுச்சான்னா, இல்ல. 2024-ல இதே ஜனம் டிரம்ப்பையும் ஜெயிக்க வச்சது, அதே ஓட்டுச்சீட்டுல கவர்னரா ஜோஷ் ஸ்டைன்ங்கிற டெமாக்ரட்டையும் ஜெயிக்க வச்சது. நகர்ந்தது கோடு மட்டும்தான். அதுவும் பத்தலன்னு 2025-ல டெக்ஸஸ் வழக்கமான பத்து வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கோட்டை மாத்தி வரைய, பதிலுக்கு கலிஃபோர்னியா ஓட்டெடுப்பு வச்சு மாத்தக் கிளம்ப, நம்ம ஆளுங்களும் அக்டோபர்ல 1-வது தொகுதியைக் கைவச்சுட்டாங்க. இவா கிளேட்டன்ல ஆரம்பிச்சுக் கறுப்பர்களே ஜெயிச்சுட்டு வந்த இடம்.

---

தேர்தல் கிறுக்கன் (சென்னை):

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். சிவகாசி அக்கா கேட்டதுக்கு மட்டும் ஒரு வரி. நம்ம ஊர்ல சட்டசபை தனக்குத் தானே தொகுதி வரைஞ்சுக்க முடியாது. விருதுநகர் தொகுதியை உண்டாக்கினது குல்தீப் சிங்ங்கிற சுப்ரீம் கோர்ட்டு ஓய்வு நீதிபதி தலைமையில இருந்த மறுவரையறை கமிஷன், உத்தரவு 2008-ல அமலுக்கு வந்துது. எம்.பி., எம்.எல்.ஏ. கொஞ்ச பேர் கமிஷன்ல கூட உக்காரலாம், பேசலாம், ஓட்டுக் கிடையாது. நம்ம சண்டை வேற, எந்த மாநிலத்துக்கு எத்தனை சீட்டுங்கிற சண்டை. அது இங்க பேச ஆரம்பிச்சா பொங்கல் வரைக்கும் போகும்.

---

சிவகாசிப் பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. லாரல் ஸ்ட்ரீட் தெரியும் அண்ணாச்சி, அந்தப் பக்கம் வாரத்துக்கு ரெண்டு தடவை போறேன். நாளைக்கு அதைத் தாண்டும்போது நிச்சயம் சிரிப்பேன்.

ஆனா மனசு கொஞ்சம் விட்டுப் போச்சு. பத்து வருஷம் க்ரீன் கார்டுக்குக் காத்து, அப்புறம் சிட்டிசனுக்குக் காத்து, கடைசியில 2023-லயே முடிவு பண்ணின தேர்தலுக்கா நான் பட்டுப்புடவை கட்டினேன்? இனிமே போகணுமா?

---

ஐ-85 அண்ணாச்சி:

போகணும். ஆனா போற நாளை மாத்தணும்.

உங்க தொகுதியில நிஜத் தேர்தல் நவம்பர்ல நடக்கல, அந்த வருஷம் மார்ச்சுலயே நடந்து முடிஞ்சுது, ரிபப்ளிகன் பிரைமரியில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்ல. ஆறு பேர் நின்னாங்க. மெக்டவல் முதல் இடம், வாங்கினது சுமார் 26%. ரெண்டாவது வந்த பழைய எம்.பி. மார்க் வாக்கர், முதல் ரெண்டு பேருக்குள்ள திரும்ப நடத்துற ரன்-ஆஃப் தேர்தல் வேண்டாம்னு விலகிட்டார். கதை முடிஞ்சுது. ஒரு கட்சிக்குள்ள ஓட்டுப் போட வந்தவங்கள்ல நாலுல ஒரு பங்கு ஆளுங்க உங்க மூணு பேர்ல ஒருத்திக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுத்துட்டாங்க. அதுல ஜெயிக்கிறவர் எதிர்க்கட்சிக்காரனை நினைச்சு ஏன் பயப்படப் போறார்? தன் கட்சியில தன்னை விடக் காரமாப் பேசுறவனை நினைச்சுத்தான் பயப்படுவார். எனக்கு இந்தக் கோட்டு விவகாரத்துல ரொம்ப எரிச்சல் அதுலதான்.

இந்த மாநிலத்துல ஒரு வசதி இருக்கு. எந்தக் கட்சியும் இல்லைன்னு, அனஃபிலியேட்டட்னு பதிவு பண்ணிக்கோங்க. இங்க இப்ப அந்தக் கூட்டம்தான் பெரிய கூட்டம். அப்படிப் பதிஞ்சவங்க பிரைமரியில எந்தக் கட்சியோட ஓட்டுச்சீட்டை வேணும்னாலும் கேட்டு வாங்கலாம், ஒண்ணு மட்டும். பூத்துல கேக்கிறப்போ கூச்சப்பட வேண்டாம், நான் உக்காந்திருந்தப்போ எத்தனையோ பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். உங்க தொகுதியில எந்தக் கட்சி ஜெயிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு போச்சுன்னா, அந்தக் கட்சிக்குள்ள யாருங்கிறதையாவது நீங்க சொல்லலாம். உங்களுக்குப் பிடிக்காத கட்சியா இருந்தாலும்.

அப்புறம், கோடே இல்லாத தேர்தல் சிலது இருக்கு. கவர்னர், அட்டர்னி ஜெனரல், மாநில சுப்ரீம் கோர்ட்டு. மாநிலம் மொத்தமும் ஒரே தொகுதி, யாரும் அறுக்க முடியாது. 7-7 எப்படி வந்துது? 2022 பிப்ரவரியில மாநில சுப்ரீம் கோர்ட்டு 4-3னு சட்டசபை மேப்பைத் தள்ளினதால வந்துது. 10-4 எப்படி வந்துது? அந்த நவம்பர் தேர்தல்ல கோர்ட்டு 5-2னு ரிபப்ளிகன் பக்கம் சாய்ஞ்சுது, 2023 ஏப்ரல்ல தன் தீர்ப்பைத் தானே திருப்பிக்கிச்சு. கிரீன்ஸ்போரோவை மூணா அறுத்த கத்தி அங்கதான் தீட்டினது.

2024-லயும் அந்தக் கோர்ட்டுக்கு ஒரு இடத்துக்குத் தேர்தல். டெமாக்ரட் ஆலிசன் ரிக்ஸ், ரிபப்ளிகன் ஜெஃபர்சன் கிரிஃபின். 55 லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்துது. எண்ணி, திரும்ப எண்ணி, கேஸ் போட்டு, மறு வருஷம் மே மாசம்தான் முடிஞ்சுது. ரிக்ஸ் ஜெயிச்ச வித்தியாசம் 734 ஓட்டு.

---

சிவகாசிப் பொண்ணு:

அண்ணாச்சி, நான் காலியா விட்டேன்னு சொன்னேனே, அந்த வரிசையா?

---

ஐ-85 அண்ணாச்சி:

அதேதான் தங்கச்சி.